சும்மா இருப்பவனும் வீட்டில் இருப்பவளும்

என் தம்பி தங்கச்சியைப் பற்றி எங்கள் பெரியப்பா ஒன்று சொன்னார் அண்ணாச்சி. "ஒண்ணு... தேறிரும்லே கோமதி." நடுவில் என்னமோ இருந்தது, அது விழவில்லை. நான் அப்போது மஸ்கட்டில். போனில் அந்தப் பக்கம் எங்கள் தெருவில் கொட்டுச் சத்தம், இந்தப் பக்கம் எங்கள் குடோனில் லாரி பின்னால் வருகிற சத்தம். ரெண்டுக்கும் நடுவில் பெரியப்பா. ஒன்று தேறும் என்றால் இன்னொன்று தேறாது என்றுதானே அர்த்தம்? எது தேறும் என்று பேர் சொன்னாரா, தெரியவில்லை. மறுபடி கேட்கலாம் என்று இருந்தேன். பத்து நாளில் அவர் போய்விட்டார். பேர் சொல்லாவிட்டால் என்ன, கூடப் பிறந்தவனுக்குத் தெரியாதா என்று நானே முடிவு பண்ணிக்கொண்டேன்.

காலைக் கொஞ்சம் இப்படி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பை நம்முடையதுதான். பஸ் குலுங்கும்போதெல்லாம் சத்தம் போடுகிறதா? தட்டும் டம்ளரும். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு போர்வை, உடுத்த நாலு சாரம் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள், காப்பகத்தில். என் தங்கச்சிதான் அடுக்கினாள். ரெண்டு தட்டு, ரெண்டு டம்ளர், ரெண்டு போர்வை. அவளுக்குக் கணக்கு அவ்வளவாக வராது.

அந்தா, மூன்றாவது சீட்டில் ஜன்னலோரம், பச்சைச் சேலை. ஒவ்வொரு போர்டாகச் சத்தமாக வாசித்துக்கொண்டு வருகிறாளே, அவள்தான். "மானூர் எட்டு கிலோமீட்டர். அருள் ஹாலோ பிளாக்ஸ். இங்கு பஞ்சர் ஒட்டப்படும்." கேட்கிறதா? ஒன்பது வருஷம் வாசல்படி தாண்டாதவள் அண்ணாச்சி. ஒன்பது வருஷத்துப் போர்டையும் சேர்த்து வாசிக்கிறாள். பக்கத்தில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பவன் என் தம்பி. கூடையில் புளிச்சோறு இருந்தது, போகும்போதே காலி.

சிரிக்கிறேன் என்று தப்பாக நினைக்காதீர்கள். காலையில் ஆஸ்பத்திரியிலிருந்தே இப்படித்தான் இருக்கிறது. அடக்கினால் வேறு பக்கம் வருகிறது. நாற்பத்தெட்டு வயது ஆளுக்கு இது அழகில்லை என்று எனக்கும் தெரியும்.

முதலில் எங்கள் பேரைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை விளங்காது. எனக்குச் சங்கரன்கோவில் அம்மன் பேர், கோமதிநாயகம். கூப்பிடுவது கோமதி. மஸ்கட்டில் பத்தொன்பது வருஷம் ஸ்டோர் கீப்பர். அங்கே வருகிற கடிதமெல்லாம் மிஸ் கோமதி என்றே வரும். எனக்குப் பிறகு ரெண்டு பிள்ளைகள் தங்கவில்லை. அடுத்துப் பிறந்தவளைக் கோவில் நடையில் கிடத்தி, பூசாரி கையிலிருந்து பிச்சையாக வாங்கி வந்தார்கள். பிச்சம்மாள். பள்ளிக்கூடத்து வாத்தியார் சோம்பல்பட்டு ரிஜிஸ்தரில் பிச்சை என்று நிறுத்திவிட்டார். ஆதாரிலும் அதுவே. கடைசித் தம்பி இசக்கி. அவனுக்கும் அம்மன் பேர்தான். நம் பக்கத்தில் இசக்கி என்றால் ஆணும் இருப்பான், பெண்ணும் இருப்பாள், யாரும் மலைக்க மாட்டார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இசக்கிக்குப் பத்தொன்பது வயதில் வந்தது. பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம். மனச்சிதைவு என்று டாக்டர் எழுதினார். காதில் ஒரு ஆள் ஓயாமல் பேசுவார். கிரிக்கெட்டுக்கு வர்ணனை சொல்வார்களே, அந்த மாதிரி. "இசக்கி எந்திரிக்கான். இசக்கி பல் விளக்குதான். இசக்கி சட்டையைத் திருப்பிப் போட்டுட்டான்." பிச்சைக்குப் பிந்தித்தான் வந்தது, இருபத்தெட்டில், கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து. தெருவில் நாலு பேர் பேசினால் அவளைத்தான் பேசுகிறார்கள் என்று இருக்கும். மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். அவளுக்கும் அதே வியாதி, அதே மாத்திரை, கொஞ்சம் கூடக் குறைய.

நான் பங்குனியில் விசா முடிந்து வந்தேன். என் வீட்டுக்காரி செண்பகமும் பையனும் தாம்பரத்தில். நான் ஊரில் மூன்று மாதம் இருந்து, ரெண்டு பேரையும் ஒழுங்குபடுத்திவிட்டு, வீட்டைப் பூட்டிவிட்டுத் தாம்பரம் போவதாகத் திட்டம். மூன்று மாதமும் கவனித்தேன். ஸ்டோர் கீப்பர் கண் அண்ணாச்சி, ஒன்றும் தப்பாது.

பிச்சை நல்லாத்தான் இருந்தாள். வீட்டில் இருப்பாள். நேரத்துக்குச் சாப்பாடு. வத்தக்குழம்பு வைத்தால் நாலு வீட்டுக்கு மணக்கும். ஒரு சத்தம் கிடையாது, ஒரு கேள்வி கிடையாது. இப்படி ஒரு பெண் வீட்டில் இருந்தால் யாருக்குக் கசக்கும்? அவளைத் தாம்பரத்துக்குக் கூட்டிப் போய்விடலாம், செண்பகத்துக்கும் ஒத்தாசை என்று நினைத்தேன். இசக்கிதான் ஒன்றுக்கும் ஆகவில்லை. வேலை கிடையாது. சும்மா இருப்பான். காலையில் ஆறு மணிக்கு டீக்கடை. அப்புறம் பஸ் ஸ்டாப்பில் நிற்பான், வருகிறவர்கள் எல்லாரும் அவனிடம்தான் எந்த பஸ் போய்விட்டது, எது வரவில்லை என்று கேட்பார்கள். மாதம் ஒரு தடவை இதே பஸ் ஏறித் திருநெல்வேலி போய் ரெண்டு பேருக்கும் மாத்திரை வாங்கி வருவான். அவளுக்கு வேளாவேளைக்கு எடுத்துக் கொடுப்பான். அதைத் தவிர வேறு ஒரு வேலை கிடையாது. முப்பத்தொன்பது வயது ஆம்பளை இப்படி இருக்கலாமா? மனநலக் காப்பகம் ஒன்றில் இவனுக்கு ஒரு இடம் சொல்லி வைத்தேன். ஆஸ்பத்திரியில் ஒரு கடிதம் வேண்டும் என்றார்கள். கடிதத்துக்கு ரெண்டு பேரையும் டாக்டரம்மா நேரில் பார்க்க வேண்டுமாம்.

இன்று காலையில் பிச்சையை வெளியே கொண்டுவந்ததே ஒரு திருவிழா. நான் கார் சொல்லட்டுமா என்றேன். இசக்கி கதவண்டை போய் நின்றான். "எக்கா, தெருவுல ஒருத்தரும் இல்ல. ஒரு நாய் இருக்கு. அது தூங்குது." அவள் முந்தானையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். பஸ்ஸிலும் கண் திறக்கவில்லை. இவளைப் பார்க்கிறவர்கள் இவளைத்தான் கொண்டுபோய்ச் சேர்க்கப் போகிறோம் என்று நினைப்பார்களே என்று எனக்குச் சங்கடமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் ரூபி என்று ஒரு பெண். சமூகப் பணியாளர் என்று கழுத்தில் அட்டை. வடக்கே வேலூர்ப் பக்கம், இங்கே வந்து ஒரு மாதம்தான் ஆகிறதாம். அங்கே இவர்களே ஒரு தாள் தயார் பண்ணி வைத்திருக்கிறார்கள். நோயாளி மற்றவர்களோடு எப்படிப் புழங்குகிறார், ஒரு நாளை எப்படி ஓட்டுகிறார் என்று பார்ப்பதற்கு. பெண்களுக்கு ரோஸ் தாள், ஆண்களுக்கு வெள்ளைத் தாள். ரோஸில் சமையல், துணி, வீடு பெருக்குவது, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது. வெள்ளையில் வேலைக்குப் போவது, தனியாகப் பஸ்ஸில் போவது, நாலு பேரிடம் பேசுவது, விசேஷ வீட்டுக்குப் போவது. இது எனக்கு அப்போது தெரியாது. அந்தப் பெண் சீட்டில் பேரைப் பார்த்தாள். பிச்சை என்றிருந்தது, வெள்ளையை எடுத்தாள். இசக்கி என்றிருந்தது, ரோஸை எடுத்தாள். கூட வந்தவர் கோமதி என்றிருந்தது, அதற்கும் ஒரு ரோஸ். மூன்றையும் என் கையில் கொடுத்து, "வீட்டுல இருக்கிறவங்கதான் சார் எழுதணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடப் போய்விட்டாள்.

நீங்கள் கேட்பீர்கள், படித்த ஆள்தானே, பார்த்தால் தெரியாதா என்று. ஸ்டோர் கீப்பர் தாளைக் கேள்வி கேட்க மாட்டான் அண்ணாச்சி. கட்டம் இருந்தால் நிரப்புவான்.

வராந்தா பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். இசக்கி தாளை எடுத்தேன். முதல் கேள்வி, தினமும் சமைக்கிறாரா? இல்லை என்று எழுதினேன்.

இசக்கி எட்டிப் பார்த்தான். "அண்ணே, இல்லைன்னா எழுதுதிய?"

"பின்னே என்னலே எழுத?"

அவன் பிச்சையைப் பார்த்தான். பிச்சை தரையைப் பார்த்தாள். முந்தானைக்குள்ளிருந்து, "சொல்லிருலே. ஆஸ்பத்திரித் தாள்ல பொய் எழுதக் கூடாது" என்றாள்.

"வத்தக்குழம்பு நான் வைக்கது" என்றான் இசக்கி.

"எந்த வத்தக்குழம்பு?"

"நீங்க மூணு மாசமா சாப்பிடுத வத்தக்குழம்பு."

நான் பேனாவை மூடினேன். "ரசம்?"

"அதும்."

"வெந்தயக் குழம்பு? அன்னைக்கு நான் ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேனே?"

"மூணு தடவை சாப்பிட்டிய."

"அப்ப இவ என்னதாம்லே செய்யுதா?"

"அக்கா அப்பளம் பொரிப்பா."

"அப்பளம் நாந்தான்" என்றாள் பிச்சை, முந்தானையை லேசாக விலக்கி. "அதை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தும் வரல. கருக்கிருவான்."

அவன் காலையில் நாலரைக்கு எழுந்து சமைத்து இறக்கி வைத்துவிட்டுத்தான் டீக்கடைக்குப் போகிறானாம். நான் ஏழு மணிக்கு எழும்போது அவள் அடுப்பண்டை நிற்பாள், நான் பார்க்கிறேன் என்று கரண்டியால் ஒரு கிண்டு கிண்டுவாள். ஏம்லே என்கிட்ட சொல்லவில்லை என்று கேட்டேன். இசக்கி சொல்கிறான், "நீங்க வந்த அன்னைக்கே சாப்பிட்டுட்டு அண்ணிகிட்ட போன்ல சொன்னிய. 'பிச்சைக்குக் கைப்பக்குவம் திரும்பிட்டு, இனி அவளுக்கு ஒண்ணும் இல்ல'ன்னு. அதுக்கப்புறம் எப்படிச் சொல்ல? சமைக்கலைன்னு தெரிஞ்சா அவளைத்தானே கொண்டுபோய் விடுவிய?"

அவன் என்ன சொன்னான் என்பது பிறகுதான் மண்டையில் ஏறியது. அப்போது எனக்கு அந்த வெந்தயக் குழம்பே கண்ணில் நின்றது. சரி என்று, இல்லையை அடித்துவிட்டு ஆம் என்று எழுதினேன். துணி துவைப்பாரா? ஆம். வீட்டைச் சுத்தமாக வைப்பாரா? ஆம். மற்றவர்களின் மருந்தைக் கவனிப்பாரா? ஆம். எழுத எழுத எனக்கே ஒரு மாதிரி வந்தது. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்கிற மாதிரி இருந்தது. கோலம் போடுவாரா என்று ஒரு கேள்வி. நான் அவனைப் பார்த்தேன். "புள்ளிக் கோலம் மட்டும்" என்றான்.

அப்புறம் பிச்சை தாள். வெள்ளை. வேலைக்குப் போகிறாரா? இல்லை. தனியாகப் பஸ்ஸில்? இல்லை. கடைசியாக வீட்டை விட்டு வெளியே போனது எப்போது? ஒன்பது வருஷம் என்று எழுதினேன். எழுதின பிறகு அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியாட்களிடம் பேசுகிறாரா? இல்லை என்று எழுதப் போனேன்.

"உண்டுன்னு எழுதுங்க" என்றாள்.

"நீ யார்கிட்டட்டி பேசுத?"

"நான் டீக்கடையில பேசுறதெல்லாம் அக்கா பேசுறதுதான்" என்றான் இசக்கி.

விளங்குகிறதா உங்களுக்கு? எனக்கும் விளங்கவில்லை. தினமும் அவன் வெளியே கிளம்புமுன் கதவுக்குப் பின்னால் நின்று அவள் சொல்லிக் கொடுப்பாளாம். அவனுக்கு என்ன பேசுவது என்று வராது, எப்போது நிறுத்துவது என்றும் தெரியாது. "சாப்பிட்டியான்னு கேட்டா, என்ன சாப்பிட்டன்னு சொல்லாத. ஆச்சுன்னு மட்டும் சொல்லு. கல்யாணம்னு சொன்னா, எந்த ஊருச் சம்பந்தம்னு கேளு. அவங்க சொன்ன உடனே, நல்ல ஊருன்னு சொல்லு. அதுக்கு மேல நிக்காத, வந்துரு." அவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? ஜன்னல் கதவுக்குப் பின்னால் நின்று தெருவையே கேட்டுக்கொண்டிருப்பாளாம். குரலை வைத்தே யார், எந்த வீடு, யாருக்கும் யாருக்கும் மனத்தாங்கல், எல்லாம் அத்துப்படி.

"ஒரு தடவை மாத்திச் சொல்லிட்டேன்" என்றான் இசக்கி. "தபால்காரர் மாமா சம்சாரம் இறந்த வீட்டுல போய், எந்த ஊருச் சம்பந்தம்னு கேட்டுட்டேன்."

"அவரு என்னலே சொன்னாரு?"

"சுரண்டைன்னாரு. நான் நல்ல ஊருன்னுட்டு வந்துட்டேன்."

அங்கேதான் பிச்சை முதலில் சிரித்தாள். ஒன்பது வருஷம் இல்லை அண்ணாச்சி, பதினாறு வருஷமாக நான் அந்தச் சிரிப்பைக் கேட்டதில்லை. மூக்கால் சிரிப்பாள், பன்றிக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வரும், சின்ன வயதில் அம்மா அதற்கு அடிப்பாள். அது வந்தது. எனக்கும் பற்றிக்கொண்டது. இசக்கி மட்டும் சிரிக்காமல் இருந்தான். "சிரிக்கலாமாக்கா?" என்று கேட்டான். "சிரிலே" என்றாள். அப்புறம் அவனும்.

இன்னொன்றும் சொன்னார்கள். அதைச் சொல்லும்போது யாரும் சிரிக்கவில்லை, ஆனால் எனக்கு அதை நினைத்தால்தான் இப்போது வருகிறது. அவனுக்குக் காதில் ஏதாவது கேட்டால் அவளிடம் போய், "எக்கா, இது தெருவுல கேக்கா, எனக்கு மட்டும் கேக்கா?" என்பானாம். அவள் காது கொடுத்துக் கேட்டு, "உனக்கு மட்டும்தாம்லே, விட்டுரு" என்பாள். அவளுக்குத் தெருவில் தன்னைப் பேசுகிறார்கள் என்று இருந்தால் அவனை அனுப்புவாள். அவன் போய் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு வந்து, "இல்லக்கா, கத்திரிக்கா சொத்தைன்னு பேசுதாவ" என்பான். இப்படியே எத்தனை வருஷம். நான் வீட்டில் இருந்த மூன்று மாதத்தில் இது தினமும் நடந்திருக்கிறது. நான் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மூன்றாவது தாள் என் பேரில் இருந்தது. எனக்கு எதற்கு என்று தோன்றியது. ஆனால் கட்டங்கள் காலியாக இருந்தன. சமைக்கிறாரா? இல்லை. துணி? இல்லை. வீடு பெருக்குவது? இல்லை. வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பாரா? யோசித்து, எப்போதாவது என்று போட்டேன். மூன்றையும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அரை மணி நேரத்தில் ரூபி எங்களை டாக்டரம்மா அறைக்குக் கூட்டிப் போனாள். டாக்டரம்மா ஐம்பது வயது, கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். ரூபி தாளைப் பார்த்து மதிப்பெண் சொன்னாள், நாற்பதுக்கு.

"இசக்கி முப்பத்தேழு மேடம். ரொம்ப நல்லா இருக்காங்க. வீட்டுலயே வச்சுக்கலாம். பிச்சைதான் ஆறு. இவருக்குத்தான் காப்பகம் தேவைப்படும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அம்மா, மாத்திட்டிய. இவன்தான் இசக்கி. அவதான் பிச்சை."

அந்தப் பெண் ரெண்டு பேரையும் பார்த்தாள், ரெண்டு தாளையும் பார்த்தாள். முகம் ரோஸ் தாள் நிறத்துக்கு வந்துவிட்டது. "அய்யோ மேடம், பேரை வச்சுக் குடுத்துட்டேன்."

"இரு, இரு" என்றார் டாக்டரம்மா. அவர் கண்ணாடியை இறக்கினார். "தாள்தானே மாறிச்சு. ஆள் மாறலையே. எழுதினது எல்லாம் உண்மையா?"

உண்மைதான். என்ன செய்வது, என் கையால் எழுதியது.

"நாள் முழுதும் என்ன செய்கிறார்னு ஒரு கேள்வி ரெண்டு தாள்லயும் உண்டு, அதைப் படி" என்றார்.

ரூபி படித்தாள். "இசக்கி: சும்மா இருக்கிறான். பிச்சை: வீட்டில் இருக்கிறாள்."

"ரெண்டும் ஒரே வீடுதானே?" என்று கேட்டார் டாக்டரம்மா. "நாலரைக்கு எந்திரிச்சு சமைச்சு, துவைச்சு, மருந்து வாங்கிட்டு வர்றவர் சும்மா இருக்கார். ஒன்பது வருஷமா வெளியே கால் வைக்காதவங்க வீட்டுல இருக்காங்க. இவங்க வாசல் தாண்டலைன்னு இத்தனை வருஷத்துல எங்ககிட்ட யாரும் சொல்லலை. தம்பி வந்து மாத்திரை வாங்கிட்டுப் போவார், அக்கா நல்லா இருக்காங்களான்னு கேட்டா, நல்லா இருக்காம்பார்."

"நல்லா இருக்கான்னுதான் சொல்லணும்னு அக்கா சொல்லிக் கொடுத்தா" என்றான் இசக்கி.

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து ரூபி மூன்றாவது தாளை எடுத்தாள். "மேடம், இன்னொருத்தங்க இருக்காங்க. கோமதி. நாற்பதுக்கு ஒண்ணு. நாள் முழுதும் என்ன செய்கிறார்னா, ஓய்வில் இருக்கிறேன்னு போட்டிருக்கு. அவங்களே எழுதியிருக்காங்க போல."

டாக்டரம்மா தாளை வாங்கிப் பார்த்துக் கவலைப்பட்டார். நிஜமாகவே கவலைப்பட்டார் அண்ணாச்சி. "ஒண்ணா? இவங்கதானே அவசரமா பார்க்க வேண்டிய ஆளு. கோமதி வரலையா?"

பிச்சைக்கு அந்தப் பன்றிக்குட்டிச் சத்தம் வந்துவிட்டது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு என்னைக் கையால் காட்டினாள். "அந்தா நிக்கா கோமதி."

அதற்கப்புறம் அந்த அறையில் வைத்தியம் நடக்கவில்லை. டாக்டரம்மா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். ரூபி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். இசக்கி, "அண்ணனுக்கு எத்தன மாத்திரை?" என்று கேட்டான். வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் கதவைத் தள்ளிப் பார்த்தார்கள். மஸ்கட்டில் என்னிடம் நாற்பது பேர் கையெழுத்துக்கு நிற்பார்கள். அது இருக்கட்டும்.

சிரித்து ஓய்ந்த பிறகு டாக்டரம்மா கடிதத் தாளை எடுத்தார். பேனாவைத் திறந்தார். "சரி, சொல்லுங்க. காப்பகத்துக்குக் கடிதம் யார் பேர்ல எழுதணும்?"

பிச்சை என் காலடியில் இருந்த பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இசக்கி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான், என்ன சொல்ல வேண்டும் என்று அவள் சொல்லித் தருவாள் என்று. அவள் பையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அப்போதுதான் பையில் ஏன் ரெண்டு தட்டு என்று எனக்குள் ஒரு பக்கம் கேட்டது. நான் அதைத் தள்ளிவிட்டு, பெரியப்பா சொன்னதை எடுத்தேன். "எங்க பெரியப்பா அப்பவே சொன்னாரு டாக்டர், ஒண்ணு தேறிரும்னு" என்றேன்.

"அப்படிச் சொல்லல" என்றான் இசக்கி. "நாந்தானே போனைப் பிடிச்சுக்கிட்டு பக்கத்துல நின்னேன். ஒண்ணா இருந்தா தேறிரும்லேன்னாரு."

"அதும் இல்ல" என்றாள் பிச்சை. "நான் கதவுக்குப் பின்னால நின்னு கேட்டேன். ஒண்ணும் தேறாதுன்னு சொன்னாரு. கோமதியையும் சேத்துத்தான் சொன்னாரு."

மறுபடி ஆரம்பித்துவிட்டது. கடிதத்தை மத்தியானம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று டாக்டரம்மா எங்களை வெளியே அனுப்பிவிட்டார். பிச்சைக்கு ஒரு மாத்திரையை மாற்றி எழுதினார். வாரத்தில் ரெண்டு நாள் பகலில் அங்கே ஒரு கூட்டம் நடக்கிறதாம், பேசுவார்கள், தைப்பார்கள், சமைப்பார்கள், அதற்கு அவள் வர முடியுமா என்று கேட்டார். இவள் எங்கே வருவாள் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். "என்னைக்கு என்னைக்கு?" என்று அவள் கேட்டுவிட்டாள். செவ்வாயும் வெள்ளியும். எந்த பஸ் என்று இசக்கி சொன்னான், எட்டே கால்.

திரும்பி வரும்போது பார்த்தீர்களே, இந்த பஸ்ஸில் ஏறினதும் அவளே கண்டக்டரிடம், "சங்கரன்கோவில் மூணு குடுங்க" என்றாள். அவர் கொடுத்தார். அவர் ஒன்றும் பெரிதாக நினைக்கவில்லை, அவருக்கு என்ன தெரியும். இசக்கி என்னைத் திரும்பிப் பார்த்தான். இவன் சொல்லிக் கொடுத்தானா, அவளாகவே சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை. இப்போது ஆடித்தபசுக்கு ஸ்பெஷல் பஸ் எத்தனை விடுவீர்கள் என்று அவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள், கேளுங்கள். அம்மன் தபசு பார்த்துப் பத்து வருஷமாயிற்று, இந்த வருஷம் போகணுமாம்.

நான் கெட்டவன் இல்லை அண்ணாச்சி. தாள் மாறிப்போனதால் வந்த குழப்பம் இது. சரியான தாளைக் கொடுத்திருந்தால் நான் சரியாக எழுதிக் கொடுத்திருப்பேன், எல்லாம் நேற்று நினைத்தபடியே முடிந்திருக்கும், நாம் ரெண்டு பேரும் இப்படிச் சிரித்துக்கொண்டு வந்திருக்க மாட்டோம். செண்பகத்துக்குப் போன் போட்டேன். "பிச்சை சமைக்க மாட்டாளாம்" என்றேன். "அப்ப அந்த வத்தக்குழம்பு?" என்றாள். "இசக்கி" என்றேன். அப்புறம், "அப்ப அவரைக் கூட்டிட்டு வாங்க" என்கிறாள். இவள் ஒருத்தி.

பனவடலிசத்திரம் தாண்டிவிட்டோமா? வாசித்துவிட்டாளே, தாண்டியிருப்போம். கடிதமா? மத்தியானம் போய் வாங்கவில்லை. காப்பகத்துக்கும் இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டுக்குச் சாவி ஒன்றுதான், அது இசக்கி அரைஞாணில் இருக்கிறது. அவள்தான் வெளியே போவதில்லையே என்று ரெண்டாவது சாவி யாரும் போடவில்லை. செவ்வாய்க்கிழமை அவள் முந்தித் திரும்பி வந்து, இவன் பஸ் ஸ்டாப்பில் நின்றால் யார் திறப்பது?

நீங்கள் இறங்குமிடம் வந்துவிட்டதா, பார்த்து. பையைத் தாண்டிப் போங்கள். தட்டு நகர்ந்தால் நகரட்டும், ரெண்டும் வீட்டுக்குத்தான் திரும்புகிறது. ஆதார் கார்டெல்லாம் என் பையில்தான் இருந்தது இத்தனை நாளும், அதை அவளிடம் கொடுத்துவிட்டேன். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பூட்டு ரிப்பேர் பண்ணுகிறவர் ஒருத்தர் குடை விரித்து உட்கார்ந்திருப்பார். இறங்கினதும் அவரிடம் போய்ப் பிச்சைக்கு ஒரு சாவி போடப் போகிறேன்.